பதினேழாவது நிமிடம்

வால்திவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
துறை அறையில் ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
திரையில் என் வகுப்பு
ஒரு கோடாக ஓடுகிறது:
வெப்ப இயக்கவியல், ஆறாம் விரிவுரை,
பதிவைப் பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.

பதினேழாவது நிமிடத்தில்
கோடு செங்குத்தாய் எழும்புகிறது.
நாற்பத்தொரு பேர் அந்த இடத்தைப்
பின்னால் ஓட்டியிருக்கிறார்கள்.
சிலர் நான்கு முறை.
ஒருத்தி, விடிகாலை மூன்று பத்துக்கு,
பதினோரு முறை.

பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது என்று
போன ஆண்டுதான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.
என் குரல்தான்.
"இது வெளிப்படை" என்கிறது,
இரண்டு வரியைத் தாண்டிக் குதிக்கிறது,
பலகையைத் துடைக்கிறது.

பதினோரு முறையும் அவளுக்குக் கிடைத்தது
துடைக்கும் சத்தம்.

மிலாராய் அன்திலெஃப்.
பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி:
ஈடுபாடு நன்று.
சால்மன் ஆலையில் இரவு ஷிஃப்ட் என்பது
எந்தக் கட்டத்திலும் இல்லை,
கேட்டபோது அவளே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை
அந்த இரண்டு வரிகளையும் எழுதத் தொடங்கினேன்.
பாதியில் கை நின்றது.
எனக்கே நினைவில்லை.

ஈரக் கோட்டுகளின் வாடைக்கு நடுவிலிருந்து
ஒரு குரல்:
"அங்கே மைனஸ் வரணும், புரொஃபே."