ஊறல்

நான் குடியை விட்டுப் பதினான்கு மாதம்.
ஹோலிஹெட் துறைமுகத்தில் நவம்பர் மழை
கப்பல் சங்கொலியையும் சேர்த்து நனைக்கிறது.
நெரிஸ் எழுதியிருக்கிறாள்:
கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் அப்பா,
கேக் மட்டும் நீங்கள் செய்துவிடுங்கள்.

மேசையில் மூன்று செய்முறைகள்.

உலர்திராட்சைப் பொட்டலத்தின் முதுகில் இருப்பது
கால் போத்தல் ரம் கேட்கிறது.
பக்கத்து வீட்டு க்ளெனிஸ் கொடுத்ததில்
ஞாயிறுதோறும் இரண்டு கரண்டி பிராந்தி
கேக்குக்கு ஊட்ட வேண்டுமாம்,
பால் மறவாத பிள்ளைக்குப் போல.
அவளுக்குத் தெரியாதா? தெரியும்.
அடியில் பென்சிலால்:
"அடுப்புச் சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும், எம்ரிஸ்."
சுட்ட பிறகு ஊட்டுவது எப்படி ஆவியாகும்?
நான் கேட்கவில்லை.
ஆவியாவது எனக்குத் தெரியும்.
படகுத்துறை வேலை ஆவியானது.
மெரெரிட், தையல் இயந்திரத்தோடு.
வாசனைதான் போகாது.
விழுவதற்கு எனக்கு அது போதும்.

மூன்றாவது, மெரெரிட் விட்டுப்போன இழுப்பறையில்
வெண்ணெய்க் கறையோடு கிடந்த தாள்.
பழத்தைக் கடுந்தேநீரில் போடு, என்கிறது,
இரவு முழுக்க.
ஒரு முட்டை. ஆரஞ்சுத் தோல்.
"கெட்டியாகும்வரை மாவு."
இதையெல்லாம் கேக் என்பார்களா?
நெரிஸ் முகம் சுளிக்கலாம்.

கெட்டிலை வைத்தேன்.
நான்கு பை தேயிலை, சாயம் கறுக்கும்வரை.
ஊறல் போட்டுத் தட்டால் மூடினேன்.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு.
முன்பெல்லாம் இந்நேரம்
சிங்க்கின் அடியில், பிளீச் டப்பாவுக்குப் பின்னால்
கை போகும்.
வெறுங்காலோடு வந்து தட்டைத் தூக்கினேன்.
திராட்சைகள் உப்பிச் சுருக்கம் விட்டிருந்தன.
ஒன்றைக் கடித்தேன்.
தேநீர்தான்.
இன்னொன்றும் எடுத்தேன்.