உம்

செவ்வரத்தையின் புதுத் தளிரை
இரவு வந்த புள்ளிமான் மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது.
"எப்பவும் என்ர சட்டிதான்" என்றேன்.
மணி ஆறே கால்.

ஆறரைக்குக் குழாய் வறண்டது: ஒண்டும் சரியில்லை.
ஏழுக்கு ஸ்கூட்டி இருமி அணைந்தது.
தவசீலன் போனைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தான்:
ஆரும் எனக்கு உதவியில்லை.
எட்டு மணிக்குள்
என் ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பெழுதிவிட்டு
மின்சார சபை முறைப்பாட்டு யன்னலில் போய் உட்கார்ந்தேன்.

வரிசையில் முதல் ஆள் உப்புவெளி.
வேர்வையில் நனைந்த பில்லைக் கம்பிக்கூடாகத் தள்ளி
"எப்பவும் கூடத்தான் போடுறியள்" என்றார்.
"எப்ப?" என்றேன்.
சண்டைக்கு இல்லை,
படிவத்தில் திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது.
அவர் கண்ணாடியைக் கழற்றினார். விரல் மடித்தார்.
"மாசியில... பிறகு...
மாசியிலதான்."
குரல் கதிரையில் இருந்துவிட்டது.

அவர் போய் நெடுநேரம்
அந்த உம் மேசையிலேயே கிடந்தது.
எவ்வளவு சின்ன ஒட்டு,
சீலைக் கரையில் நெருஞ்சி மாதிரி.
என்னுடையதையும் பிடுங்கிப் பார்த்தேன்.
எப்பவும். எப்ப?
ஆரும். ஆர்?
ஒண்டும் சரியில்லை.
ஒண்டு சரியில்லை.

எப்ப தின்றது? புரட்டாதியில் ஒருக்கா, இன்றைக்கு ஒருக்கா.
ஆர் உதவவில்லை?
டொக்யாட் வீதி முனை மட்டும் ஸ்கூட்டியைத் தள்ளித் தந்த
கடைப் பொடியனின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்தவள் நான்.
தவசீலனிடம் வாய் திறந்து கேட்டேனா?
முகத்தைப் படிப்பான் என்று நின்றேன்.
அவன் கிரிக்கெட் படித்துக்கொண்டிருந்தான்.
மத்தியானம் போன் எடுத்துக் கேட்டேன்.
"ம்" என்றான். அவ்வளவுதான்.

விளங்கிவிட்டதால் குழாயில் தண்ணீர் வந்துவிடவில்லை.
மூன்று மணிக்குப் பிரிண்டர் தாளை மென்றது.
"எப்பவு..." என்று பழக்கத்தில் வாய் போய்,
பாதியில் இழுத்துப் பிடித்து, புரையேறி இருமினேன்.
றிஸ்மியா தண்ணிப் போத்தலை நீட்டினாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் காரணம் தெரியாது.

பின்னேரம் படலையில் மான் நின்றது.
ஆரோ எறிந்த சோத்துப் பார்சலின் பொலித்தீன்
அதன் வாயோரம் தொங்கிற்று.
கல்லுக்குக் குனிந்த கை
மெல்லப் போய் பொலித்தீனைப் பிடித்து இழுத்தது.
விட்டது. ஒரு தும்மல். நன்றி எல்லாம் இல்லை.
சட்டிப் பக்கம் ஒருதரம் பார்த்தது கள்ள மான்.

கைப்பையில் எறியாமல் வைத்திருந்த உம்முக்கு
இன்னொரு வேலை தெரியும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது:
மானும் நானும்
வறண்ட குழாயும்
முற்றத்தில் பிளக்கைக் கழற்றி வைத்துத்
தலை சொறியும் தவசீலனும்.

நாளைக்கு வலை வாங்கவேணும்.
இரண்டு யார் காணும்.