எண்பத்தொன்பதாம் நாள்

பஃபலோவில், சலவைக்கடைக்கும் வரிக்கணக்கருக்கும் நடுவே
என் மேசை.
முத்திரை, மைப்பெட்டி, கட்டணம் இரண்டு டாலர்.

கடை சாத்தும் நேரத்தில் வந்தாள் லவோனியா ப்ரூக்கர்,
பூட்ஸில் உப்பும் பனியும்.
நகராட்சிக்கு எதிராக உரிமைகோரல் அறிவிப்பு, நான்கு பக்கம்.
தொண்ணூறு நாள் கெடு. நாளையோடு முடிகிறது.

மற்ற நாளெல்லாம் எங்கே போயிற்று என்று
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
இரண்டு அறுவை சிகிச்சை, மூன்று வக்கீல்.
ஒருவர், போலீஸ்காரன் சட்டையில் கேமரா ஓடியதா என்றார்.
ஒருவர், உன்மேல் போட்ட வழக்கு முதலில் தள்ளுபடியாகட்டும் என்றார்.
இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.
உள்விசாரணைப் பிரிவிலிருந்து ஒரு வரிக் கடிதம்:
பெற்றுக்கொண்டோம்.

ஏழாம் கேள்விக்கு ஒன்றரை அங்குல இடம்.
'நடந்ததை விவரிக்கவும்.'
'காரில் பின்விளக்கு எரியவில்லை' என்று தொடங்கி
அங்கேயே நின்றிருந்தாள்.
மிச்சத்துக்கு எக்ஸ்ரே இணைத்திருந்தாள்.

இடக்கைக்காரி.
முதுகுக்குப் பின்னால் முறுக்கி ஒடித்ததும் அந்தக் கையைத்தான்.
வலக்கையில் பேனாவைப் பிடித்து
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.
ஓட்டுநர் உரிமத்தில் அவள் பெயர் ஒரு கொடி;
தாளில் ஏழெட்டுக் குச்சிகள்.

"கையெழுத்து ஒத்துப்போகவில்லையே."
பார்த்துச் சொல்வது என் வேலை.

"ஆமாம்," என்றாள். "அதுதான் புகார்."

முத்திரையை மையில் அழுத்தினேன்.
அது எதையும் நிரூபிக்காது.
இந்தப் பெண் இன்று என் முன்னால் ஒப்பமிட்டாள், அவ்வளவுதான்.

தபால் நிலையம் ஆறு மணிவரை.
ஐந்து நாற்பது.
கோட்டின் காலிக் கையை அவளுக்கு
நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.