திருப்பித் தரப்படாத தொகை

கோடை என்று எழுதியிருக்கிறார்கள்,
ஜூன் பத்திலிருந்து ஜூலை பதினெட்டு வரை.
குளச்சலில் அப்போது
மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்.
விசைப்படகுகள் தடைக்காலம் முழுக்க
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும்.
வேலையில்லாத அப்பா
மடக்குக் கட்டிலில் படுத்து வட்டி எண்ணுவார்.
அந்த அறுபத்தோரு நாளுக்குள்தான்
என் ஐந்தரை வாரம்.
கடலுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்தவள்
கடல்சட்டம் படிக்கக்
கடல் தாண்டப் பார்க்கிறேன்.

முதல் கணக்கு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில்.
படிப்புக் கட்டணம். அறை வாடகை.
திருவனந்தபுரத்திலிருந்து
இரண்டு இடம் மாறிப் போகும் விமானம்.
காப்பீடு, விசா,
விசாவுக்காகச் சென்னை போக ரயில், மேல் பர்த்.
குளிருக்கு ஒரு கோட்டு:
அது கடன் வாங்கலாம், ஷைபினின் அண்ணன் கப்பலில் இருக்கிறான்.
யூரோ தினமும் ஏறியது,
என் கூட்டல் தினமும் பொய்யானது.

வங்கியில் கேட்டார்கள்:
"பட்டம் தருவாங்களா?"
சான்றிதழ் சார்.
"சான்றிதழுக்குக் கடன் கிடையாதும்மா.
நகைக்கு வேணும்னா இன்னைக்கே உண்டு"
என்று டோக்கனை நகர்த்தி வைத்தார்.
அம்மா அண்டியாபீசிலிருந்து
விரல் கறை போகக் கழுவாமலே நேராகப் போய்
லட்ச ரூபாய்ச் சீட்டைப்
பதினெட்டாயிரம் தள்ளி எடுத்து வந்தாள்.
அந்தப் பதினெட்டாயிரத்தை
என் டைரியில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

பனியடிமை மாமா வந்தார்.
"ஆறு லட்சம் உன் அக்கவுண்டுல மூணு மாசம் கெடக்கட்டு மக்ளே.
விசாக்காரன் கண்ணால பாத்துட்டுப் போட்டும்.
ரெண்டு வட்டி. ஒரு பைசா தொடப்பிடாது."
சாட்சியச் சட்டத்தில் எழுபத்தெட்டு வாங்கியவள் நான்.
தொடக்கூடாத பணம் பணமல்ல,
சாட்சி.
வேண்டாம் மாமா என்றேன்.
அப்பா என்னைப் பார்க்கவில்லை.
மாமாவுக்கு இன்னொரு சாயா ஊற்றச் சொன்னார்.

இருந்ததைக் காட்டினேன்.
படகு முதலாளியின் கையெழுத்தில் ஒரு கடிதம்,
எட்டு மாதப் பங்குக் கணக்கு,
ஈரம் பட்டு மை விரிந்த தாள்கள்.
கணவாய்க்கு ஆங்கிலம் உடனே வந்தது.
கிளாத்திக்குத் தேடியே அரை ராத்திரி போயிற்று.

பிறகு ஏழாம் விதி:
முன்பணம் இருநூறு யூரோ
எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.
மூன்று முறை படித்தேன், பரீட்சைக்குப் படிப்பதுபோல்.
எழுதினேன்:
விசாவை மறுப்பது நான் அல்ல, நீங்களும் அல்ல.
மூன்றாம் ஆள் செய்யும் காரியத்துக்கு
நான் மட்டும் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?
தங்கள் உண்மையுள்ள என்பதற்கு முன்னால்
தயவுசெய்து என்று எழுதி, அடித்தேன்.

நாலாம் நாள் பதில்.
உங்கள் வாதம் சரி. விசா கிடைக்காவிட்டால் தொகை திரும்பும்.

"கேஸ் ஜெயிச்சியா? எவ்வளவு?"
இருநூறு யூரோப்பா.
மனதுக்குள் மாற்றிப் பார்த்தார்.
"ரெண்டு தங்கலுக்குள்ள பங்காக்கும்" என்றார்,
எழுந்து உட்கார்ந்து.

அன்று ராத்திரியே இன்னொன்று எழுதினேன்:
எனக்கு மட்டும் திருத்தினால்
அது சலுகை. எல்லாருக்கும் திருத்துங்கள்.
அதற்குப் பதில் வரவில்லை.
விசாவும் வரவில்லை.

மே முப்பத்தொன்று. படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டன.
கடலுக்குக் கொண்டுபோகும் பெரிய பையை
அப்பா சோப்புப் போட்டுக் கழுவிக்
கொடியில் தலைகீழாய்த் தொங்கவிட்டிருக்கிறார்.
இருபத்துமூன்று கிலோ கொள்ளும் என்கிறார்.
டீசல் வாடை போகவில்லை.

"நெத்திலிக் கருவாடு கொண்டுபோலாமா,
அங்கத்த விதி என்ன சொல்லுகு பாரு"
என்கிறாள் அம்மா.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.