எர்த்

காட்பாடி மேம்பாலம் ஏறும்போது
ஒரு பையன் பைக்கை ஒட்டிக் கொண்டுவந்து
கண்ணாடியைத் தட்டினான்.
"அக்கா, பிரேக் போட்டா உங்க வண்டி
லெஃப்ட்ல திரும்பறேன்னு சொல்லுது."
சொல்லிவிட்டுப் போய்விட்டான்.
அன்று எங்கும் திரும்பும் உத்தேசம்
எனக்கு இருக்கவில்லை.

பதினான்கு வருட மாருதி.
பின் கண்ணாடியில் முதல் சொந்தக்காரரின்
டாக்டர் ஸ்டிக்கர், பாதி சுரண்டியது.
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பல்பு வாங்கினேன்,
இருபத்தொன்றுக்கு ஐந்து வாட்,
ஏறுக்குமாறாய் இரண்டு பின்,
ஒரே வாகில்தான் உள்ளே போகும்.
மாற்றினேன். மங்கல்.
வேறு கம்பெனி வாங்கி மாற்றினேன். அதே மங்கல்.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தால்
நீலத்துக்குள் கம்பி முழுசாய் இருந்தது.
"ஹோல்டரையும் மாத்திடுங்க" என்றார்
கடைக்காரர் சீனிவாசலு,
கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டு.

இரவு பதினொன்றுக்குச் சத்துவாச்சாரியில்
மூடியிருந்த ஒரு ஷட்டருக்கு
வண்டியின் முதுகைக் காட்டி நிறுத்தினேன்.
சிவப்பு அதில் விழும்,
கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.
ஷட்டர் பூராவும் சிமென்ட் விளம்பரம்,
அதுவே சிவப்பு.

ஏடிஎம் வாசல் நாற்காலியை விட்டு
காவலாளி எழுந்து வந்தார்.
"மிதிங்க."
மிதித்தேன்.
"எரியுது. ஆனா எரியல."
"ரெண்டுல எதுங்க?"
"ரைட்டு கும்முனு கீது. லெஃப்டு
தூங்கற மாதிரி கீது. அந்த மஞ்சா வேற
லேசா கண்ண முழிக்குது."

பேர் ஏகாம்பரம். வேலை நேரத்தில்
காரில் உட்காரலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.
பிறகு சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு
பெடலைத் தேடினார்.
நான் பின்னால் குந்தினேன்.
மீட்டரின் சிவப்பு முனை ஒயரில்,
கருப்பு முனை டிக்கி பூட்டின் இரும்பில்.
பன்னிரண்டு சொச்சம்.

கரன்ட் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
வந்தது திரும்பிப் போக வழியில்லாமல்
பக்கத்து இண்டிகேட்டருக்குள் நுழைந்து
அந்த மஞ்சளை அரைத்தூக்கத்தில் எழுப்பி
வண்டியின் நீளம் பூராவும் நடந்து
முன்பக்கம் போய் இரும்பைத் தொட்டிருக்கிறது,
கொல்லைக் கதவு பூட்டியிருந்தால்
தெரு சுற்றி வருகிறவர்களைப் போல.

கருப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
ஸ்டெப்னிக்குப் பின்னால், மடிப்பின் ஓரத்தில்
ஒரு ஸ்க்ரூ.
ஸ்க்ரூவுக்கு அடியிலும் மேலும் சுற்றிலும்
பளபளவென்று புது வெள்ளி பெயின்ட்.

ஆவணியில் பள்ளிகொண்டா டோலில்
ஒரு லாரி மெல்ல வந்து இடித்தது.
டிங்கர் வேலைக்கு ஒன்பதாயிரம்.
நசுங்கின இடம் விரலுக்குக்கூடத் தட்டவில்லை.
நான்தான் தடவித் தடவிப் பார்த்து
"நல்லா பண்ணியிருக்கீங்க" என்று
மேலே இருநூறு கொடுத்தேன்.

உப்புத்தாள் ஒரு துண்டு இருந்தது.
வெள்ளி போனது, சாம்பல் பிரைமர் போனது,
ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு தெரிந்தது.
வாசரைப் போட்டு இறுக்கினேன்.
"இப்ப மிதிங்க."

என் கை சிவப்பு. நம்பர் பிளேட் சிவப்பு.
சிமென்ட் மூட்டை இன்னும் சிவப்பு.
மஞ்சள் எழவேயில்லை.

"எரியுதாம்மா?"
உள்ளே உட்கார்ந்தால் அவருக்கும் தெரியாது.
"எரியுதுங்க."
"விட்டுடட்டா?"
"விடுங்க."
"இன்னொரு தபா?"
மிதித்தார். விட்டார். மிதித்தார்.
ஏடிஎம்முக்கு வந்த ஒருவர்
கார்டைக் கையில் வைத்துக்கொண்டு
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாஷ்போர்டில் நல்ல பல்புகள் இரண்டு,
நல்ல ஹோல்டர் ஒன்று, கழற்றிப் போட்டவை.
சீனிவாசலு திருப்பி எடுக்கமாட்டார்.

தேய்த்த இடத்தில் வாசலின் தடவினேன்.
பக்கத்தில் மார்க்கரால்
அடுத்து வரப்போகும் டிங்கருக்கு
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
இங்கே பெயின்ட் அடிக்காதே.