பச்சைக் குலை

மில் வாசலில் நின்று
கொக்கிக் கம்பியால் ஒவ்வொரு குலையாய்ப் புரட்டி
பச்சை என்றால் காலால் ஒதுக்குவான் அஸ்மி.
பேச்சே கிடையாது.
ஏழு வருடமாய் அவனிடம் கெஞ்சிப் பழகிய வாய்
இப்போது வீட்டிலும் உதவுகிறது.

லோஷினிக்கு இரண்டு வயது, நாலு மாதம்.
தின்பது சோறு, ரொட்டியின் நடுப்பகுதி,
மேகியில் தூள் படாத இழை,
பால்.
வெள்ளைக்காரன் தோட்டத்தை விட்டுப் போய்
எத்தனையோ வருஷமாச்சு.
என் வீட்டு மங்கில் மட்டும்
இன்னும் வெள்ளை ஆட்சி.

சுகந்தி கையுறைத் தொழிற்சாலையில்
இரவு வேலைக்கு மாறியதிலிருந்து
ராத்திரிச் சோறு என் பொறுப்பு.
கீரையை மாவில் அரைத்துத் தோசை சுட்டேன்.
விளிம்பைத் தூக்கி அடியில் பார்த்தாள்.
“பச்சே” என்றாள்.
தீர்ப்பு அவ்வளவுதான்.
கேரட்டைச் சோற்றுக்குள் புதைத்தேன்.
தோண்டி எடுத்து, ஒன்றொன்றாய்ப் பூனைக்கு வைத்தாள்.
பூனை முகர்ந்துவிட்டு என்னை முறைத்தது.
முட்டையை நிலா என்றேன்.
“இல்லே, முட்டே” என்றாள்.
பொய் சொல்லத் தெரியாத அப்பன்
சோறூட்டப் போகக்கூடாது.

புதன்கிழமை, பீடோர் கிளினிக்.
இளஞ்சிவப்புப் புத்தகத்தில் மிஸ்ஸி ஒரு புள்ளி வைத்தார்.
பத்து கிலோகூட இல்லை.
போன முறை வைத்த புள்ளியோடு இதைச் சேர்த்தார்.
கோடு ஏறவில்லை,
மழையில் சாய்ந்த லாலான் மாதிரி படுத்துக் கிடந்தது.
சாயூர் கொடு, ஈக்கான் கொடு, தெலோர் கொடு என்றார்.
எல்லாம் கொடுக்கிறேன் மிஸ்ஸி, வாங்கத்தான் ஆளில்லை
என்று சொல்ல என் மலாய் போதும்.
தைரியம் போதவில்லை.

என் லோரி தராசில் இருமுறை ஏறும்,
குலையோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.
கழித்தால் மிஞ்சுவது கூலி.
அன்று தராசில் கால் ஆட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து
நானும் கழித்துக்கொண்டே நின்றேன்.
துப்பிய வாய் இத்தனை,
தட்டிவிட்ட கிண்ணம் இத்தனை,
நான் கத்திய ராத்திரி ஒன்று.
அன்றைக்கு அவள் அழவில்லை.
வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லோரி கழுவினேன்.
அவளைச் சீட்டில் ஏற்றி ஸ்டீயரிங்கைக் கொடுத்தேன்,
சாவி என் பையில்.
கொஞ்ச நேரம் “பாம் பாம்” கேட்டது.
பிறகு கேட்கவில்லை.
பிள்ளை வைத்திருப்பவனுக்குத் தெரியும்,
சத்தத்தைவிட மோசம் சத்தமில்லாதது.

கதவைத் திறந்தால்
என் தூக்குச்சட்டி திறந்து கிடக்கிறது.
சோறு, பாயாம் கீரை, வறுத்த நெத்திலி.
வயிற்றுப் புண்ணால் நான் காரம் விட்டு மூன்று மாதம்.
ஒரு நெத்திலியை வாலில் பிடித்து
அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதுவும் பார்த்தது.
பிறகு தலையைக் கடித்தாள்.
மொறுக்.
அடுத்ததற்குக் கைவிட்டபோது
விரலில் ஒட்டி வந்தது
கறுத்து, ஆறிப்போன ஒரு துணுக்குக் கீரை.
அவள் பார்த்தாள்.
நான் பார்க்கவில்லை.
ரப்பர் பைப்பை எடுத்துக்கொண்டு போய்
கழுவி முடித்த டயரை மறுபடி கழுவினேன்.
அப்படி ஒரு டயர் பீடோரிலேயே கிடையாது.

எட்டு நெத்திலி.
கீரைக்குக் கணக்கில்லை,
சீட்டில் எவ்வளவு, வயிற்றில் எவ்வளவு,
யார் கண்டது.
தூங்கி எழுந்த சுகந்தியிடம் சொன்னேன்.
நம்பவில்லை. மோந்து பார் என்றேன்.
மகளின் வாயருகே மூக்கை வைத்தவள்
சிரிக்க ஆரம்பித்து
பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கள் ராத்திரி
அதே நெத்திலி, அதே கீரை, அதே சட்டி.
மேசையில் வைத்தேன்.
காலால் ஒதுக்கினாள், அஸ்மி மாதிரியே.

சரி தாயே.
சாவியை எடுத்தேன்.
இருட்டில் நின்ற லோரியில் ஏற்றி
உள்விளக்கை மட்டும் போட்டேன்.
“பாம்” என்றாள்.
மூடியைத் திறந்து வைத்துவிட்டு
செம்பனைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்,
அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.