வருகைப் பதிவேடு

ரப்பர் விலை தினமும் பேப்பரில் வரும்.
ஷீட் கிலோவுக்கு இவ்வளவு,
ஒட்டுப்பால் இவ்வளவு.
உதவிப் பேராசிரியர் நிலவரம்
எந்தப் பேப்பரிலும் வராது.
அது என் மேசையில் இருக்கிறது.
நீல அட்டை, ரெக்சின் முதுகு.

நான் சேர்ந்த வருஷம்
காலை எட்டே முக்காலுக்கு
கையெழுத்துப் போட வரிசை நிற்கும்.
நூற்று எழுபத்திரண்டு பேர், ஐந்து பக்கம்,
நூலில் கட்டிய ஒரே பேனா.
இப்போது இரண்டாம் பக்கம் பாதியில்
வெள்ளையாகிவிடுகிறது.
எழுதாத தாள்களை
கேன்டீன் சுந்தரபாய் கேட்டாள், வடை மடிக்க.
கொடுக்கவில்லை.
ஆடிட்டர் பக்கம் எண்ணுவார்.

ததேயு சார் எம்பிஏவுக்குப் பொருளாதாரம் எடுத்தவர்.
ஒரு சனிக்கிழமை வந்து
பதினொரு வருஷப் பதிவேட்டையும் கேட்டார்.
"பழைய கையெழுத்து என்னத்துக்கு சாரே?"
"எறும்பு முட்டையத் தூக்கிட்டுத் திட்டை ஏறினா மழைன்னு சொல்லுவினும்லா.
வாத்தியான் சர்டிபிகேட்டத் தூக்கிட்டு
மஸ்கட்டுக்கு ஏறினா என்னன்னு பாக்கத்தான்."

பார்த்தார், மூன்று மாதம்,
மதியச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு.
எங்களுக்குச் சம்பளம் இருபது நாள் பிந்தினால்
நாலாவது மாதம்
குமாரகோவில் ரோட்டில்
'வீடு வாடகைக்கு' அட்டை தொங்குமாம்.
ஆறாவது மாதம் தக்கலையில்
நகைக்கடன் கடையில் டோக்கன்
அறுபதைத் தாண்டுமாம், மதியத்துக்குள்.
அந்தக் கிறிஸ்மஸுக்கு மார்த்தாண்டத்தில்
ஜவுளிக்கடைக்காரர்
மூன்றாம் மாடிக்கு ஏசி போடமாட்டார்.
அரசாங்கப் புள்ளிவிவரம்
இதற்கெல்லாம் பிறகு, கார் பிடித்து வரும்.

அவர் வரைபடத்தில் ஒரு கோளாறு இருந்தது.
ஆண்டுக்கு ஒருதரம்
கோடு விறுவிறுவென்று வேளிமலை உயரத்துக்கு ஏறி
மூன்றாம் நாள் விழுந்துவிடும்.
நான்தான் சொன்னேன்,
அது ஆய்வுக்குழு வருகிற வாரம்.
ஆளுக்கு நாள் ஒன்றுக்கு
ஆயிரத்து இருநூறு, பிரியாணி தனி.
மெக்கானிக்கல் மூன்றாவது நாற்காலியில் பிரைட்சன்,
நாங்களே நிறுத்திய அதே பிரைட்சன்,
டை மட்டும் புதுசு.
சார் சிரிக்கவில்லை.
ரப்பரை எடுத்து
ஒவ்வொரு மலையாக அழித்தார்.

சிவில் லேபில் இப்போது நர்சிங் பிள்ளைகள்.
கான்கிரீட் கட்டியை நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
பொம்மைக்கு ஊசி போடுகிறார்கள்.
இந்த வருஷம் புதிதாக எடுத்த ஒரே ஆள்
ஜெர்மன் சொல்லித்தரும் விஜிலா,
மணிக்கு முந்நூறு.
பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர்
மணிக்கணக்கு இல்லாமல்
பாதிச் சம்பளத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்,
குட்டன் மார்கன், குட்டன் மார்கன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
சாருக்குத் தெரியவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது.
ஒரே கல்லூரி, மாதிரி அளவு போதாது.
அதே செவ்வாய்க்கிழமை
ஆபீசிலிருந்து பட்டியலும் வந்தது.
டைப் அடித்தது நான்.
ஆறாவது பெயரில்
த-வுக்குப் பிறகு கொஞ்ச நேரம் விரல் நின்றது, அவ்வளவுதான்.

அசல் சான்றிதழ்கள் என் பீரோவில் இருக்கும்.
பாதுகாப்புக்கு என்று முதலாளி சொல்வார்.
யாருடைய பாதுகாப்பு என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
மூன்று மாதச் சம்பளம் கட்டினால்தான் தரவேண்டும்,
அவர்களே நிறுத்தினாலும்.

சார் வந்தார். சான்றிதழைக் கேட்கவில்லை.
"இன்னைக்கு எத்தன பேர் மேடம்?"
"நாப்பத்தி ஒண்ணு."
"என்னச் சேத்தா, சேக்காமலா?"

சாவி இடுப்பில்தான் இருந்தது.
பழுப்பு உறையை எடுத்து
வடை பார்சலுக்குள் வைத்துக் கொடுத்தேன்.
எண்ணெய் படும் என்று தெரிந்தும்.
அப்புறம் ஸ்கேல் வைத்து
அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டேன்.
வலது ஓரத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில்
குமாரகோவில் ரோட்டு அட்டைகளை எண்ணினேன்.
ஏழு. ஒன்று எங்கள் காம்பவுண்டில்.
தக்கலையில் இறங்கி
இரண்டு வளையலைக் கழற்றிக்கொண்டே படி ஏறினேன்.
டோக்கன் எண்பத்து நாலு.
உட்கார இடமில்லை.